வெயிலும் தண்ணீரும் தாங்கும் பிரஷ் நார் எது?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



1989-ல் பழைய தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் குழுக்களின் வழியில் வந்தவர்கள் நாம். சேமிக்கக் கற்றோம், கடன் வாங்கக் கற்றோம். அந்தக் கடனை எந்தச் சரக்கில் போடுவது என்பதையும் கற்க வேண்டும். பிரஷ், துடைப்பம் செய்ய நினைக்கும் குழுக்களுக்காக இன்று பிளாஸ்டிக் நாரைப் பற்றிப் பேசுவோம்.

"எல்லாம் பிளாஸ்டிக்தானேக்கா? அத்திப்பள்ளி தாண்டிப் போய் விலை குறைஞ்சதை வாங்கிட்டு வந்துடலாம்" என்கிறோம். எல்லா நாரும் ஒன்றல்ல.

நைலான்: நன்றாக உழைக்கும், வளைந்தாலும் நிமிரும். ஆனால் தண்ணீர் குடிக்கும். 100 கிராம் நைலான்-6 முழுக்க ஊறினால் ஏறத்தாழ 9 கிராம் நீரைக் குடித்து, விறைப்பு போய்த் தளர்ந்துவிடும். காய்ந்த தரைக்கு நல்லது. மாட்டுக்கொட்டகை கழுவ உதவாது.

பி.பி. (பாலிப்ரொப்பிலீன்): தண்ணீர் குடிக்காது, விலையும் குறைவு. கொட்டகை, தொட்டி, சிமெண்ட் தரைக்கு ஏற்றது. இதற்கு எதிரி வெயில். வெயிலில் கிடந்த உரச்சாக்கு தொட்டாலே உதிருமே, அதே கதைதான். ஆகவே வெயில் தாங்கும் 'யு.வி.' மருந்து கலந்த நாரையே கேளுங்கள். கரி கலந்த கருப்பு நார் வெயிலில் கூடுதல் நாள் உழைக்கும்.

பி.பி.டி.: பாலியஸ்டர் வகை. நீர் குடிப்பது மிகக் குறைவு, நன்றாக நிமிரும். விலை கூடுதல். தொழிற்சாலை ஆர்டருக்குக் கணக்குப் பார்த்து வாங்கலாம்.

மூட்டையாக வாங்கும் முன் ஒரு பிடி மாதிரி வாங்கிச் சோதியுங்கள்:

1. சோப்புத் தண்ணீரில் நாரை அமுக்கி விடுங்கள். பி.பி. மிதக்கும், நைலானும் பி.பி.டி.யும் மூழ்கும்.
2. ஒரு ராத்திரி ஊற வைத்து, காய்ந்த நாரோடு விறைப்பை ஒப்பிடுங்கள்.
3. விரலில் சுற்றி ஒரு நிமிஷம் பிடித்து விடுங்கள். நிமிராத நார் சீக்கிரம் படுத்துவிடும்.
4. கோடையில் கொஞ்சத்தைக் கூரைமேல் போட்டு, மாதம் ஒருமுறை மடக்கிப் பாருங்கள். ஒடிந்தால் வேண்டாம்.

யு.வி. கலந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஒடிந்த நார் மண்ணில் மக்காது. தீவனத்தில் கலந்தால் மாட்டுக்கும் கேடு. வாசல் பெருக்க நம்ம தென்னந்துடைப்பமே போதும்.

வாங்கியவர் மறுபடி தேடி வந்தால்தான் தவணை தடங்கலின்றிக் கட்ட முடியும். அதனால் விலையைக் கேட்கும் முன், "இந்த பிரஷ் தண்ணியிலயா, வெயில்லயா?" என்று கேட்போம்.