காய்ச்சல் விட்ட மறுநாள்



தீபாவளிக்குத் துணியெடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகாத தோட்டத்துக் குடும்பம் நம்மில் குறைவு. 2020 ஏப்ரலில் அங்குள்ள சிலாங்கூர் மென்ஷன், மலாயன் மென்ஷன் என்ற இரு கட்டடங்களைக் கோவிட் காரணமாக முள்கம்பி போட்டு அடைத்தார்கள். அந்தத் தொற்றுக் காலத்தில் வீட்டில் தனித்திருந்தவர்கள், காய்ச்சல் உண்டா, மூச்சுத் திணறுகிறதா என்று நாள்தோறும் மைசெஜாத்தெரா செயலியில் பதிலளித்தார்கள். நோயாளி தம் உபாதையைத் தாமே சொல்லிவரும் இந்த முறை நல்லதுதான். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை கேட்பது?

நோயின் வேகத்தைப் பொறுத்தது அது. அமெரிக்காவில் ஈத்தன் பாஷ் என்ற மருத்துவர் குழு 766 புற்றுநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வலி, குமட்டல், மூச்சிரைப்பு ஆகியவற்றை வாரந்தோறும் தெரிவித்தவர்களில் பாதிப்பேர் 31 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 26 மாதம். தொல்லை கூடியதும் தாதியருக்குச் செய்தி போய்விடும். அங்கே வாரம் ஒருமுறை போதுமானதாக இருந்தது.

டிங்கிக்கு வாரக் கணக்கு உதவாது. மூன்றாம் நாளிலிருந்து, காய்ச்சல் முழுதாக விட்டு ஓரிரு நாள் ஆகும்வரை, தினமும் கிளினிக்கில் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் வழிமுறை. "காய்ச்சல் விட்டுடுச்சி சார்" என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடும் தாய்மாரை நாங்கள் பார்க்கிறோம். ஆபத்தே அப்போதுதான்! மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும்போது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியலாம். அந்த 24 முதல் 48 மணி நேரம், காலையில் கேட்டது மாலைக்குச் செல்லாது. இரவிலும் எழுப்பிக் கேளுங்கள்.

"நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். பெரட்டில் நிற்கும்போது மண்டோர் கேட்டாலும் நம்மவர் சொல்வது அதே "ஒண்ணுமில்லே"தானே! வயிறு வலிக்கிறதா, எத்தனை தடவை வாந்தி, ஈறில் இரத்தம் வந்ததா, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று பிரித்துக் கேளுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றாலும், பிள்ளை துவண்டு கிடந்தாலும், விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

கேட்டதை மணியோடு ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் கேட்பது, காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது என்பதைத்தான்.