கடல்கோள் என்றொரு சொல்



திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு நிலத்தைப் பற்றிய இரண்டு கதைகள் சிறு வயதிலேயே தெரிந்திருக்கும். கோணேசர் மலையிலுள்ள பிளவு இராவணன் வாளால் வெட்டியது என்பது ஒன்று. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும், தாயின் அந்திமக் கிரியைக்காக அவன் நிலத்தைக் குத்திய இடங்கள் என்பது மற்றது. இவற்றை அம்மம்மாவிடம் கேட்டு வளர்ந்தவன் நான். பின்னர் தமிழாசிரியனாகிப் பிள்ளைகளைக் கன்னியாவுக்கு அழைத்துச் சென்றபோது, ஒரு மாணவன், "கீழே எரிமலை இருக்குதோ சேர்?" என்று கேட்டான்.

அங்கே எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தால் சூடாகி மேலே வருகிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த வெடிப்புகளுக்கு ஒரு பழங்கதை உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவான காலத்தில், நிலத்துண்டுகள் மோதி இங்கே மலைகள் எழுந்தன. அவை தேய்ந்துவிட்டன. இன்று நாம் காணும் பாறைகள் அந்த மலைகளின் அடிவேர்கள். நம் நாட்டின் வெந்நீர் ஊற்றுகள் பெரும்பாலும் அந்தப் பழைய பொருத்துக்கு அண்மையிலேயே அமைந்திருக்கின்றன.

பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்கிறது. எரிமலையும் நிலநடுக்கமும் புதிய மலைகளும் பெரும்பாலும் தகடுகளின் விளிம்புகளிலேதான். நாம் விளிம்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறோம். நம்மைச் சுமக்கும் தகடு வடக்கே ஆசியாவை முட்டி இமயத்தை உயர்த்துகிறது. கிழக்கே சுமாத்திராவின் கரையோரம் இன்னொரு தகட்டின் கீழே நுழைகிறது. அங்கே வரிசையாக எரிமலைகள் நிற்பது அதனால்தான். 1883இல் கிரகத்தோவா வெடித்தபோது எழுந்த அலை, காலித் துறைமுகம் வரை வந்தது.

விளிம்பு தூரத்தில் இருக்கிறது என்று நாமும் நிம்மதியாக இருந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஏழு மணிக்குச் சற்று முன், ஏறத்தாழ 1,700 கிலோமீற்றருக்கு அப்பால், சுமாத்திராவின் வடமேற்கே கடலடி பிளக்கத் தொடங்கியது. பிளவு நிக்கோபார், அந்தமான் என வடக்கே 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. அதன் அளவு 9.1. இங்கே பெரும்பாலோர் எந்த அதிர்வையும் உணரவில்லை. ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் நம் கிழக்குக் கரை அடிபட்டது. மூதூரிலும் கிண்ணியாவிலும் நடந்ததை நான் விபரிக்க வேண்டியதில்லை. நாடெங்கும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சில வாரங்களின் பின், அகதி முகாமொன்றில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். கடற்றொழில் செய்பவன். முதல் அலை ஏறி வடிந்ததும் கடல் உள்வாங்கியதாம். மண்ணில் துடித்த மீனைப் பொறுக்க அவனுடைய தம்பி இறங்கினானாம். இரண்டாவது அலை அதைவிடப் பெரிது. அவன் அழவில்லை. என்னைப் பார்த்து, "சேர், கடல்கோள் எண்டு படிப்பிச்சனீங்கள். கடல் திரும்பி வரும் எண்டு சொல்லித் தரேல்லையே" என்றான்.

நேயர்களே, அந்த வார்த்தைக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. புகார் நகரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் வருகிறது. முதலிரு சங்கங்களும் கடல்கோளில் அழிந்ததாக இறையனார் களவியல் உரை கூறுகிறது. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் புள்ளியும் போட்டவன் நான். அது வெறும் பரீட்சைக் கேள்வியாகவே இருந்துவிட்டது.

சுமாத்திராவுக்கு அருகே சிமலூ என்றொரு தீவு இருக்கிறது. 1907இல் அங்கேயும் கடல் ஏறிப் பலரைக் கொன்றது. தப்பியவர்கள் அந்த அலைக்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். 2004இல் அத்தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்தான் என்கிறார்கள். அவர்களிடமும் ஒரு சொல், நம்மிடமும் ஒரு சொல். அவர்களுடைய சொல்லுக்குள் ஒரு கட்டளை இருந்தது.

அவர்களுடைய பாட்டை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளவும் முடியாது. நமக்கு நிலம் ஆடாது. பிளவின் மேற்குப் பக்கத்தில் கடலடி உயர்ந்ததால், நம் பக்கம் முதலில் வந்தது ஏற்றம், வற்றியது பிறகுதான். ஆகவே கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் வற்றினாலும் ஓட வேண்டும். ஒரு அலையோடு முடிந்ததென்று திரும்பக் கூடாது.

இன்று இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் கடலடி நடுங்கியபோது, நம் கரையோர மக்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பேரலை வரவில்லை. வீணாக ஓடினோமே என்று சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்று நகர்ந்தவை பக்கவாட்டில் நகர்ந்தன, கடலடி பெரிதாக உயரவில்லை. அதை ஓடுகிறவன் முன்கூட்டி அறிய முடியாது.

இப்போது என் பேரப்பிள்ளைகளுக்கு இராவணன் கதையைச் சொல்கிறேன்; அதை நிறுத்தவில்லை. கடல்கோள் கதையையும் சொல்கிறேன். அதன் முடிவில், எந்தப் பக்கம் ஓடுவாய் என்று கேட்கிறேன். சின்னவள் கையை நீட்டி மேட்டைக் காட்டுகிறாள்.