மருந்துக்கு மசியாத கிருமிகளும் மக்கள் பணமும்

(புதுவை நகரில் கறவை மாடு வளர்ப்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மடிநோய் கண்ட மாட்டுக்கு மூன்று ஊசி போட்டும் பால் தெளியவில்லை என்று பலர் முறையிடுகிறீர்கள். மருந்து போலியோ என்று ஐயுறுகிறீர்கள். மருந்து நல்லதாகவே இருந்தாலும் கிருமி அதற்குப் பழகிப்போயிருக்கலாம். அரைகுறையாக ஊசி போட்டு நிறுத்தும்போது, தாக்குப்பிடிக்கும் கிருமிகள் எஞ்சிப் பெருகுகின்றன.

மடிநோயை உண்டாக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் கிருமி மனிதருக்கும் சீழ்க்கட்டி முதல் இரத்த நஞ்சு வரை வருவிக்கும். இக்கிருமிகள் எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று நம் ஜிப்மரில் ஆராய்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய கண்காணிப்பு அமைப்பின் தலைமை மையங்களுள் ஜிப்மர் ஒன்று. கால்நடைக்கும் மீனுக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் இதே போன்ற அமைப்பை நடத்துகிறது. இரண்டும் அரசுப் பணம்.

இதற்கு அரசு ஏன் செலவிட வேண்டும்? புதிய மருந்து வந்தால் அதைக் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்கவே மருத்துவர் சொல்வர். விற்காத சரக்குக்கு எந்த வணிகர் முதல் போடுவார்? அமெரிக்காவின் அக்கோஜென் நிறுவனம் 2018இல் புதிய மருந்துக்கு அனுமதி பெற்றது, 2019இல் திவாலாயிற்று! நம் நாட்டில் 2024இல் வெளிவந்த நாஃபித்ரோமைசின் நிமோனியா மருந்துக்கு 14 ஆண்டுகளும் சுமார் 500 கோடி ரூபாயும் ஆயின. அதில் நடுவண் அரசின் பைராக் நிறுவனம் தந்தது 8 கோடி. இது போதாது என்பதே என் கருத்து.

ஆனால் அத்தகைய மருந்துகள் நம் மாட்டுக் கொட்டகைக்கு வரா, வரவும் கூடாது. நமக்கு வேண்டியது, எந்த மருந்து கேட்கும் என்று கொட்டகையிலேயே விரைந்து காட்டும் மலிவான சோதனை. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கை அதற்குக் கேளுங்கள்.

கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடை, கோழிகளுக்குத் தருவதை அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. தீவனம் வாங்கும்போது விசாரியுங்கள்.

முதல் ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுங்கள். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தடவுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சலை விட்டுவிட்டு, தூய்மையாக்கிய சிறு புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை, மருத்துவர் குறிக்கும் நாள்வரை சங்கத்தில் ஊற்றாதீர்கள்.