புடவைக்குக் கேட்கிற கேள்வி

நான் பிறந்து வளர்ந்தது தேவிகாபுரத்தில். ஆரணிப் பட்டு என்று நீங்கள் வாங்கும் புடவைகளில் பல எங்கள் ஊர்த் தறிகளில் நெய்தவை. அப்பாவுக்குச் சாயப்பட்டறை. கொதிக்கும் தொட்டியில் பட்டு நூலை முக்கி எடுத்து, அலசி, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பார்ப்பார். துணியில் துளி நிறம் ஒட்டினாலும் அந்த நூல் தறிக்குப் போகாது. 1997-ல் மத்திய அரசு பல அசோ சாயங்களைத் தடை செய்தது. சிதையும்போது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களைத் தரக்கூடியவை அவை. அந்த வருஷம் அப்பா சாய டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, தடை வந்தவற்றை ஓரம் கட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்துச் சொன்னேன்.

பிறகு நான் மருந்தியல் படித்து, ஆரணியில் மருந்தாளுநர் ஆனேன். புடவை எடுக்க வருகிறவர்கள் ஜரிகை அசலா, சாயம் நிற்குமா, சில்க் மார்க் இருக்கிறதா என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்க மாட்டார்கள். அவர்களே அடுத்த தெருவில் முகத்துக்கு ஒரு க்ரீமை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிப் போகிறார்கள். இன்று இதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

குங்குமத்திலிருந்து தொடங்குகிறேன். எனக்குப் பிடித்த பொருள் அது.

ஆரத்தி கரைத்திருப்பீர்கள். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டதும் இரத்தச் சிவப்பாகிறது அல்லவா? மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. காரத்தன்மை பட்டால் அது சிவக்கும். அதிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள், மஞ்சள் நிறம் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து காட்டுங்கள் அம்மா, சந்தோஷப்படுவார்கள்.

என் பாட்டி வீட்டிலேயே குங்குமம் செய்வார். நல்ல மஞ்சளைத் துண்டாக்கி, வெங்காரமும் படிகாரமும் பொடித்துப் போட்டு, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பார். சாறு முழுக்க ஏறியதும் நிழலில் நாள் கணக்கில் உலர்த்துவார். பிறகு உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்து, கடைசியாக ஒரு சொட்டு நெய். சுண்ணாம்புச் சிவப்பை எலுமிச்சை போக்கிவிடும்; இங்கே வெங்காரமும் புளிப்பும் சேர்ந்து மஞ்சளைச் சிவக்க வைப்பதுதான் சூட்சுமம். அந்தச் சிவப்பு கண்ணைப் பறிக்காது. கொஞ்சம் அரக்கு கலந்த, அடங்கின சிவப்பு. “இந்தச் சிவப்பு என் தொட்டியில வராதும்மா” என்று அப்பா பாட்டியிடம் சொல்வார்.

இப்போது கடைக்கு வாருங்கள். எங்கள் பெரியநாயகி அம்மன் கோயில் திருவிழாவில் குங்குமம் குவியல் குவியலாக இருக்கும். சில குவியல்கள் ரோஸ் கலந்து மின்னும். சாயப்பட்டறைக்காரர் மகளுக்கு அந்த மினுமினுப்பு தெரியும். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கிறதா? அதில் இருந்தது ரோடமின் பி. துணிக்குப் போடுகிற சாயம். அப்படிப்பட்ட சாயங்களைக் குங்குமத்திலும் கலக்கிறார்கள். வடக்கே வகிட்டில் வைக்கும் சிந்தூரத்தில் ஈயமே சேருவதுண்டு. நியூஜெர்சி, மும்பை, டெல்லி கடைகளில் வாங்கிய 118 பொட்டலங்களைச் சோதித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போது அந்தப் பொடி குழந்தையின் வாய்க்குப் போகும் என்பதுதான் என் கவலை.

ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகைக் குங்குமத்தைத் தூவுங்கள். உடனே ரோஸ் நிறம் கரைந்து ஓடினால், சாயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஆனால் கரையவில்லை என்பதற்காக நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈயம் கரையாது.

ஸ்டிக்கர் பொட்டையும் சொல்லிவிடுகிறேன். தறி நெய்கிற ஒரு தங்கை என்னிடம் வந்தாள். பொட்டை எடுத்துக் காட்டினாள். அடியில் அதே வட்டத்தில் தோல் வெளுத்திருந்தது. “அக்கா, வெண்புள்ளி நோயாக்கா? வீட்ல இன்னும் சொல்லல” என்றாள். தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். பொட்டின் பசையால் வந்தது என்று சொன்னார். சில பசைகளில் உள்ள பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் தோலுக்கு நிறம் தரும் செல்களை அழித்துவிடும். இரவில் பொட்டை எடுத்துவிடுங்கள். அரித்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

நேரம் ஓடுகிறது, சிகப்பழகு க்ரீமுக்கு வருகிறேன்.

கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு, 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தில் ஒரே வகை நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு இருந்தது அதிலும் அரிதான ஒரு வகை. விசாரித்தால், அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் க்ரீம் பூசியவர்கள். இப்படிப்பட்ட க்ரீம்களில் கலக்கிற பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. சிறுநீர் நுரைத்துப் போவதும் கால் வீங்குவதும் அடையாளங்கள். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது.

இன்னொன்று, என் கண்ணெதிரே நடப்பது. “பக்கத்து வீட்டு அண்ணி போடுறாங்களே, அந்த ட்யூப் குடுங்கக்கா” என்று கல்யாணப் பெண்கள் கேட்பார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் சேர்ந்த மருந்து அது. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து கொப்புளிக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது அழகுசாதனம் அல்ல, மருத்துவர் சீட்டு வேண்டிய மருந்து. சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை. என்மேல் கோபப்பட்டுப் போனவர்கள் உண்டு. பரவாயில்லை.

கறுப்பு மருதாணியையும் ஒரு வார்த்தையில் சொல்கிறேன். மருதாணி இலை சிவக்கும், கறுக்காது. கறுத்தால் அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கக்கூடும். குழந்தைகள் கையில் வைக்காதீர்கள்.

‘நேச்சுரல்’, ‘கெமிக்கல் இல்லாதது’ என்ற எழுத்துகளை நம்பி வாங்காதீர்கள். தண்ணீரும் ஒரு ரசாயனம்தான். கெடாமல் காக்கும் பொருள் அளவாகச் சேர்த்த க்ரீம், அது இல்லாமல் பூஞ்சை பிடித்த க்ரீமைவிட நல்லது. அட்டையைத் திருப்புங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள், சேர்மானப் பட்டியல் இவை ஐந்தும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

புடவை ஒருநாள் கிழிந்துபோகும். முகம் ஆயுசுக்கும் நம்முடையது. என்ன போட்டுச் செய்தது, யார் செய்தது, கெட்டது நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் குங்குமத்துக்கும் க்ரீமுக்கும் கேளுங்கள். பதில் அட்டையில் இல்லாவிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.