முழங்கால் சொல்லும் கணக்கு

(நம் கிளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற ஆவணி அவிட்டத்தன்று நம்மில் பலர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பூணூல் மாற்றிக்கொண்டோம். அடியேனும் அதில் ஒருவன். "உடம்பு கனம்தான் ஓய் முழங்காலை அழுத்தறது" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். அவர் ஐம்பத்தைந்து கிலோகூட இருக்கமாட்டார்! அன்றிலிருந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகம்தான் என் மூலதனம்.

முழங்காலைக் கதவுக் கீல் போல நினைக்கிறோம். அப்படியல்ல என்று ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் 1836-லேயே எழுதிவிட்டார்கள். காந்தப் பாயத்தின் அலகுக்குப் பெயர் தந்த அதே வில்ஹெல்ம் வெபரும், அவர் தம்பி எடுவர்டும்தான். தொடை எலும்பின் உருண்ட முனை, கீழ்க்கால் எலும்பின் மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. காலை மடக்க மடக்க, சுழலும் மையமே இடம் மாறுகிறது.

கணக்குக்கு வருவோம். 70 கிலோ ஆசாமி நாற்காலியிலிருந்து எழுகிறார். காலுக்கு 35 கிலோ. அந்தப் பாரம் முழங்காலுக்கு 20 செ.மீ. பின்னால் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரை நிமிர்த்துவது தொடையின் முன்பக்கத் தசை. முழங்கால் சில்லு வழியாக அது இழுக்கும்போது கிடைக்கும் நெம்புகோல் தூரமோ சுமார் 4 செ.மீ. தான். 35 × 20 ÷ 4 = 175 கிலோ! ஆக, எலும்பை எலும்போடு அழுத்துவது பெரும்பாலும் நம் சொந்தத் தசையே. எடை குறைந்தால் இந்த இழுப்பும் அதே விகிதத்தில் குறையும் என்பதால், நண்பர் சொன்னது முழுத் தப்பில்லை. சற்று முன்னால் குனிந்து எழுந்தால் 20 செ.மீ. 15 ஆகும், இழுப்பு 131 கிலோவாக இறங்கும்.

இது பள்ளிக்கூடக் கணக்கு. உண்மையில் முழங்காலைக் கடக்கும் தசைகள் பத்துக்கு மேல். சமன்பாடுகள் அத்தனை கிடையாது. ஒரு ஃபைலில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் யாருக்கு எவ்வளவு பொறுப்பு? சர்க்காரில் இருந்தவர்களுக்குப் புரியும். ஸ்டான்ஃபோர்டில் உருவான ஓபன்சிம் போன்ற கணினி நிரல்கள், தசைகள் மொத்தத்தில் சிக்கனமாக உழைக்கும் என்று அனுமானித்துப் பங்கு பிரிக்கின்றன.

அனுமானத்தைச் சரிபார்க்க அளவு வேண்டுமே! பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே விசை அளக்கும் கருவியைப் பொருத்தி அளந்தார்கள். 2010-ல் வெளியான சராசரி உச்ச அளவுகள்: நடக்கும்போது உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு, எழுந்திருக்க 2.5, படி ஏற 3.2, படி இறங்க 3.5. இறங்குவதுதான் கஷ்டம் என்று மாமிகள் சொல்வது வீண் புகார் அல்ல. வலிக்குப் பயந்து முன்தசை, பின்தசை இரண்டையும் சேர்த்து இறுக்கினால் சிக்கனக் கணக்கு பொய்த்துவிடும். அழுத்தம் இன்னும் ஏறும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒரு அசட்டுத்தனம் செய்தேன். தசைதானே அழுத்துகிறது, அதற்கு ஓய்வு கொடுப்போம் என்று மூன்று மாதம் நடையை நிறுத்தினேன். தொடை மெலிந்தது, வலி கூடியது. "மாமா, அழுத்தறதும் அந்தத் தசைதான், மூட்டு ஆடாமல் பிடிச்சுக்கறதும் அதுதான்" என்றாள் பிசியோதெரபி செய்யும் பெண். என் கணக்கில் அந்த வரி விட்டுப்போயிருந்தது! இப்போது தினமும் உட்கார்ந்தபடியே காலை நீட்டிப் பத்து எண்ணுகிறேன்.

அப்பா ஸ்ராத்தத்துக்கு இந்த வருஷம் மணையில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க மட்டும் பிள்ளை கை கொடுத்தான்.

ஆவணி அவிட்டத்துக்கு எனக்கு நாற்காலியே போடுங்கள். ஆனால் கைப்பிடி இல்லாத அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம்.