குளத்தருகே படுத்திருப்போர்



யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்ற ஒருவர் படுத்திருக்கிறார். குணம் தரும் என்று எல்லாரும் நம்பிய தண்ணீர் கண்ணெதிரே இருக்கிறது, இறக்கிவிடத்தான் ஆளில்லை. இயேசு அவரைக் குளத்துக்குத் தூக்கிப் போகச் சொல்லவில்லை. அவர் கிடந்த இடத்துக்கே தாம் வந்தார்.

முதியோர் இல்லங்களில் இருப்போரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். மருத்துவம் இல்லாமல் இல்லை. மருத்துவர் வி. எஸ். நடராசன் 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளுடன் முதியோருக்கென்றே தேசிய மையம் திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் திருக்கோவிலூரில் மூட்டுவலியால் எழ முடியாத பாட்டிக்குக் கிண்டி எங்கே இருக்கிறது? முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ போகவே வண்டி வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், வரிசையில் நிற்க அரைநாள் வேண்டும். சிறுநீரை அடக்க முடியாதவர் கூச்சப்பட்டு, "எனக்கு ஒண்ணுமில்லை சாமி" என்று சொல்லிவிடுகிறார்.

நாமும் எல்லாவற்றுக்கும் 'வயசாயிடுச்சு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். செவிடென்று ஒதுக்கப்பட்டவரின் காதில் இறுகிய குறும்பி மட்டுமே இருக்கலாம். அடிக்கடி விழுபவருக்கு, நாலு மருத்துவர்கள் தனித்தனியே எழுதிய மாத்திரைகள் சேர்ந்து தலைச்சுற்றல் தரலாம். மூலையில் பேசாமல் இருப்பவருக்கு மனச்சோர்வாக இருக்கலாம். இதையெல்லாம் கண்டறிய, முதியோரை அறிந்த மருத்துவர் ஒருவர் கட்டிலருகே அரைமணி நேரம் உட்கார வேண்டும்.

நடக்காத காரியமல்ல. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. இ-சஞ்சீவனி வழியாகச் சிறப்பு மருத்துவரிடம் கைப்பேசியிலேயே பேசலாம். காது கேளாதவர் கையில் கைப்பேசியைத் திணித்துவிட்டு நகர்ந்தால் மட்டும் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். நடக்க முடியாதவரிடம் ஆண்டவரே போகிறார். கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் கேக்கும் கொடுக்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாட்டி என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்கிறோமா?

நம் பங்குகளில் செவிலியர் இருக்கிறார்கள், மருந்தாளுநர் இருக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது, இல்லத்து நிர்வாகியிடமும் முதியவரிடமும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரின் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதையும் நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது. யார் சமீபத்தில் விழுந்தார், யாருக்குக் கண் மங்குகிறது என்பதையும் குறியுங்கள். மருத்துவர் வரும் நாளில் அந்தத் தாள் கட்டிலருகே இருக்கட்டும்.