தலையணையில் ஒரு முகம்: செஸான் வரைந்த ஓர்தான்ஸ்

பிரெஞ்சு ஓவியர் பால் செஸானின் மனைவி ஓர்தான்ஸைப் பத்தி ஒரு பேச்சு உண்டு: சிடுமூஞ்சி, சிரிக்கவே தெரியாதவங்கன்னு. காரணம், அவங்களை அவர் வரைஞ்ச 29 எண்ணெய் ஓவியங்கள். பெரும்பாலானதுல விறைப்பா உட்கார்ந்திருப்பாங்க, உதடு இறுகி மூடியிருக்கும். மணிக்கணக்கா அசையாம உட்கார வச்சா யார் முகம்தான் அப்படி ஆகாது, சொல்லுங்க?

இப்போ 1885 வாக்குல அவர் வரைஞ்ச ஒரு தாளைப் பாருங்க. தலையணையில் சாய்ந்த ஓர்தான்ஸின் தலை. கண் விழிச்சிருக்கு. தூங்கி எழுந்தாங்களா, தூங்கப் போறாங்களா, தெரியல. முகம் வெறும் பென்சில்தான். பக்கத்துலயே பெரிசா ஒரு பூ. இலைக்கு மட்டும் பச்சை வாட்டர்கலர். அது ஹைட்ரேஞ்சியா. பிரெஞ்சில் அதோட பேர் ஓர்தான்சியா! அவங்க பேரை எழுதாமலே எழுதிட்டார் மனுஷன்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. அப்போ அவங்களுக்குக் கல்யாணமே ஆகல. 1872லேயே பையன் பிறந்தாச்சு. ஆனா வங்கி நடத்திய அப்பாகிட்ட செஸான் வருஷக்கணக்கா இதையெல்லாம் மறைச்சார், வர்ற பணம் நின்னுடுமேன்னு. கல்யாணம் 1886ல்தான். வீட்டில் சொல்ல முடியாத பேர், இங்கே தலையணை பக்கத்துல பூவா இருக்கு.

அவரோட ஸ்கெட்ச் நோட்டுகளிலும் இப்படித்தான். தைக்கிற ஓர்தான்ஸ், தூங்குற பையன், எல்லாம் பென்சிலில். அதுல யாரும் விறைப்பா உட்காரல.